வேர்ட்ஸ்வொர்த் வீட்டு வாடகைய யாரு கட்டுனது?

பாலக்கோடு_மிஸ்:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் தர்மபுரி பக்கம் ஒரு காலேஜ்ல இங்கிலீஷ் லிட்டரேச்சர் எடுக்கறேன், கெஸ்ட் லெக்சரர் தான், பர்மனன்ட் இல்ல. போன வாரம் செகண்ட் இயர் பசங்களுக்கு வேர்ட்ஸ்வொர்த்தோட டாஃபடில்ஸ் கவிதை நடத்தினேன். ஏரிக்கரை ஓரமா மஞ்சப்பூ கூட்டமா ஆடுது, கவிஞர் பாத்துட்டு வந்துடறாரு, அப்பறம் எப்பவோ வீட்ல சோபாவுல சும்மா சாஞ்சு கெடக்கும்போது அந்தப் பூவெல்லாம் மனசுக்குள்ள வந்து ஆடுதுன்னு சொல்லி முடிச்சுட்டு டவுட் இருக்கான்னு கேட்டேன், வழக்கமா ஒருத்தரும் வாய தொறக்க மாட்டாங்க. கடைசி பெஞ்சுல மாரண்டஹள்ளி பையன் ஒருத்தன், வீட்ல தக்காளி போடறாங்க, எந்திரிச்சு "மிஸ், இவரு ஏரிக்கரையில நடக்கறாரு, சோபாவுல படுக்கறாரு, வேலைக்கு எப்ப போவாரு? வீட்டு வாடகை யாரு கட்டுனது?"ன்னு கேட்டான்.

கிளாஸே சிரிச்சுது, நானும் சிரிச்சு உக்கார வெச்சுட்டேன். அப்பறம் பஸ்ல வரும்போது யோசிச்சா எனக்கு பதில் தெரியலங்க. ஆறு வருஷமா இதே பாடம் நடத்தறேன். புக்ல 1770-ல பொறந்தாரு, 1850-ல செத்தாருன்னு இருக்கு, நடுவுல எண்பது வருஷம் என்ன சாப்ட்டாருன்னு இல்ல. இவரு மட்டும் இல்ல, கோல்ரிட்ஜ், பைரன், ஷெல்லி, கீட்ஸ், அந்தக் காலத்து ஓவியருங்க, இவங்களுக்கெல்லாம் வருமானம் எங்க இருந்து வந்துச்சு? தெரிஞ்சவங்க சொல்லுங்க, வியாழக்கிழமை அந்தப் பையன் மறுபடி கேப்பான்.

ஒசூர்_நைட்ஷிப்ட்:

மேடம், பையன் கேட்டது ரொம்ப நல்ல கேள்வி, சிரிச்சு உக்கார வெச்சது தப்பு 🙂 எம்.ஏ இங்கிலீஷ் முடிச்சுட்டு கம்பெனியில ஷிப்ட் பாக்கற ஆளு நான், அதனால இந்த கேள்வி எனக்கு ரொம்ப நாளா உள்ள இருக்கு.

வேர்ட்ஸ்வொர்த்துக்கு மொத ஆதாரம் ஒரு செத்துப்போன நண்பன். ரெய்ஸ்லி கால்வர்ட்னு ஒரு சின்ன வயசு பையன், டிபி, இவரு கூடவே இருந்து பாத்துக்கிட்டாரு, அந்தப் பையன் 1795-ல சாகறதுக்கு முன்னாடி 900 பவுண்டு இவருக்குன்னு எழுதி வெச்சுட்டான், இவரு கவிதை எழுதணும்ங்கறதுக்காகவே. அத முதலா போட்டு அண்ணனும் தங்கச்சி டாரதியும் சிக்கனமா குடும்பம் நடத்துனாங்க. அந்த 900 இல்லன்னா வக்கீலாவோ பாதிரியாராவோ போயிருப்பாரு, வீட்ல அததான் எதிர்பாத்தாங்க.

அடுத்தது இன்னும் சுவாரஸ்யம். இவங்க அப்பா லோன்ஸ்டேல் பிரபுன்னு ஒரு பெரிய ஜமீனுக்கு சட்ட ஏஜெண்டா வேலை பாத்தவரு. ஜமீன் ஆயிரக்கணக்குல பாக்கி வெச்சுட்டாரு, அப்பா 1783-ல செத்துட்டாரு, பிள்ளைங்க அஞ்சு பேரும் கேஸ் போட்டு நடந்தும் அந்தாளு ஒரு பைசா தரல. 1802 மே மாசம் அவரு போய் சேர்ந்தப்பறம் வாரிசா வந்தவரு நல்ல மனுஷன், வட்டியோட தர்றேன்னு ஒத்துக்கிட்டாரு. அதே வருஷம் அக்டோபர்ல வேர்ட்ஸ்வொர்த்துக்கு கல்யாணம். பணம் வர்ற வழி தெரிஞ்சப்பறம்தான் கல்யாணம், நம்மூர் மாதிரியே.

அப்பறம் 1813-ல அதே புது லோன்ஸ்டேல் சிபாரிசுல அரசாங்க வேலை. வெஸ்ட்மோர்லாண்டு ஜில்லாவுக்கு முத்திரைத்தாள் வினியோகஸ்தர். பேருக்கு வருஷம் 400 பவுண்டு, கையில வந்தது அதுக்கு கம்மி. கீழ சப் ஏஜெண்டுங்கள வெச்சு, ஊர் ஊரா போய் கணக்கு பாத்து, பணத்த லண்டனுக்கு அனுப்பணும், கொறஞ்சா இவர்தான் பொறுப்பு. கிட்டத்தட்ட முப்பது வருஷம் இத பாத்தாரு. 1842-ல மகனுக்கு மாத்தி விட்டுட்டு 300 பவுண்டு அரசாங்க பென்ஷன் வாங்கிக்கிட்டாரு, அடுத்த வருஷம் ஆஸ்தான கவி பட்டம். வயசுல பிரெஞ்சுப் புரட்சிய கொண்டாடுன ஆளு கடைசியில ஜமீன் பக்கம் சாஞ்சுட்டாருன்னு சின்ன கவிஞருங்களுக்கு செம கோவம், ஒரு பிடி வெள்ளிக்காக எங்கள விட்டுப் போயிட்டாருன்னு பிரவுனிங் கவிதையே எழுதிட்டாரு.

ஆக வாடகைய கட்டுனது கால்வர்ட், லோன்ஸ்டேல், முத்திரைத்தாள். கவிதை கட்டல.

அரூர்_மாப்ள:

முத்திரைத்தாளா!!! ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல குடை போட்டு உக்காந்திருப்பாரே எங்க பெரியப்பா, அவரயும் இனிமே கொஞ்சம் மரியாதையா பாக்கணும் போல

பாரமகால்_1792:

பெரியப்பா லெவல் இல்ல தம்பி, அவரு ஜில்லா முழுசுக்கும் மொத்த வினியோகம்.

நான் வேற ஒருத்தர சொல்றேன், ஏன்னா நம்ம ஊருக்கும் அவருக்கும் ஒரு தேதி ஒத்துப்போகுது. 1792 மார்ச்சுல ஸ்ரீரங்கப்பட்டணம் ஒப்பந்தத்துல திப்பு சுல்தான் கிட்ட இருந்து பாரமகால், அதாவது நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரி சீமை, கிழக்கிந்தியக் கும்பெனி கைக்கு போகுது. அலெக்சாண்டர் ரீடு கலெக்டரா வர்றாரு, அவருக்கு அசிஸ்டென்டா தாமஸ் மன்றோ, அவரு தர்மபுரியில தங்கி நிலம் அளந்து வரி போட்ட கதை ஊர்ல எல்லாருக்கும் தெரியும். அதே 1792 ஏப்ரல்ல லண்டன்ல லீடன்ஹால் தெருவுல கும்பெனி தலைமை ஆபீஸ்ல கணக்குப் பிரிவுல ஒரு 17 வயசு பையன் கிளார்க்கா சேர்றான். சார்லஸ் லாம்ப். கோல்ரிட்ஜோட பள்ளிக்கூட சிநேகிதன், எலியாங்கற பேர்ல கட்டுரை எழுதுனவரு.

நம்மூர் வரிக்கணக்கு அவரு மேசைக்குப் போச்சுன்னு நான் சொல்ல வரல, அவரு எழுதுனது டீ, அவுரி, துணி ஏலக் கணக்கு. ஆனா மன்றோ இங்க வசூல் பண்ணதும் லாம்ப் அங்க சம்பளம் வாங்குனதும் ஒரே கும்பெனி கல்லாப்பெட்டி. மொத மூணு வருஷம் அவருக்கு சம்பளமே கிடையாது, வேலை கத்துக்கற காலம்னு கணக்கு. (கெஸ்ட் லெக்சரர் மேடம் கவனிக்கவும், இது 230 வருஷ பழக்கம்.)

33 வருஷம் அந்த ஸ்டூல்ல உக்காந்தாரு. விட்டுட்டுப் போக முடியாது, ஏன்னா 1796-ல அவங்க அக்கா மேரி புத்தி பேதலிச்சு அம்மாவ கத்தியால குத்திட்டாங்க, அம்மா செத்துட்டாங்க, அக்காவ ஆயுசுக்கும் ஆஸ்பத்திரியில அடைக்காம நான் பாத்துக்கறேன்னு 21 வயசுல பொறுப்பு எடுத்துக்கிட்டாரு. கல்யாணமும் பண்ணிக்கல. என்னோட உண்மையான படைப்பெல்லாம் லீடன்ஹால் தெரு அலமாரியில நூறு பெரிய லெட்ஜரா இருக்குன்னு அவரே நக்கலா எழுதி வெச்சாரு. 1825-ல ரிட்டயர்ட் ஆனப்ப வருஷத்துக்கு 441 பவுண்டு பென்ஷன். ரிட்டயர்ட் ஆனவன் நேரத்த வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியாம திண்டாடறத பத்தி ஒரு கட்டுரை எழுதியிருக்காரு, வேலைக்குப் போற எல்லாரும் படிக்கணும், நான் டிரெஷரில ரிட்டயர்ட் ஆன வாரம் படிச்சேன்.

மாங்கூழ்_கணக்கு:

கிருஷ்ணகிரியில மாங்கூழ் ஃபேக்டரியில அக்கவுண்ட்ஸ் பாக்கறவன் நான். எல்லாரும் அரசாங்க வேலை, பென்ஷன்னே சொல்றீங்க, கவிதைய வித்து காசு பாத்தவங்களும் இருந்தாங்க. ஆனா அத புரிஞ்சுக்க மாந்தோப்பு குத்தகை தெரியணும்.

நம்ம பக்கம் பூ புடிக்கும்போதே தோப்ப மொத்தமா பேசி விட்டுடுவாங்க இல்ல, காய்ப்பு நல்லா இருந்தா குத்தகைக்காரனுக்கு லாபம், ஆலங்கட்டி மழை அடிச்சா அவன் தலையெழுத்து, தோட்டக்காரனுக்கு மொத கை காசு தான். அப்ப புத்தக வியாபாரமும் இதேதான். பதிப்புரிமைய மொத்தமா ஒரு ரேட்டுக்கு வித்துடறது, அப்பறம் எத்தன பதிப்பு போனாலும் எழுதுனவனுக்கு ஒண்ணும் கிடையாது. ராபர்ட் பர்ன்ஸ் 1786-ல 612 பிரதி போட்டாரு, முன்கூட்டியே பேர் கொடுத்தவங்க கிட்ட தலைக்கு 3 ஷில்லிங். புத்தகம் ஊரெல்லாம் பேச்சாயிடுச்சு, அடுத்த வருஷமே எடின்பரோ பதிப்பாளர் ஒருத்தருக்கு உரிமைய 100 கினிக்கு (கினின்னா 21 ஷில்லிங், ஒரு பவுண்டுக்கு ஒரு ஷில்லிங் கூட) குத்தகை இல்ல, கிரயமே பண்ணிட்டாரு. அப்பறம் விவசாயம் கை கொடுக்காம கலால் டிபார்ட்மென்டுல குதிரை மேல ஊர் ஊரா போய் சாராயம் புடிக்கற வேலை, வருஷம் 50 பவுண்டுல ஆரம்பம். குடிய பாடுன கவிஞர் குடிக்கு வரி போட்டாரு.

வால்டர் ஸ்காட் ரேட்டு வேற. மார்மியன்னு நீளமா ஒரு கதைக்கவிதை, ஒரு வரி கூட பாக்காம 1,000 கினி கொடுத்தாரு கான்ஸ்டபிள்ங்கற பதிப்பாளர். பூவுல பேசுன தோப்பு. பைரன் அதுக்கும் மேல, 1814-ல அவரு கோர்சேர் வெளியான அன்னைக்கே 10,000 பிரதி போச்சு. தாமஸ் மூர் 1817-ல லல்லா ரூக்குக்கு 3,000 பவுண்டு வாங்குனாரு, இந்தியாவ கண்ணால பாக்காமயே இந்தியக் கதை. இதுல பைரன் மொதல்ல காசு தொட மாட்டேன்னு இருந்தாரு பாருங்க, பிரபு பரம்பரை எழுத்துக்கு கூலி வாங்கறதா ன்னு, சைல்டு ஹரால்டு உரிமைய டல்லஸ்ங்கற சொந்தக்காரருக்கு சும்மா கொடுத்துட்டாரு, டல்லஸ் 600 பவுண்டு பாத்தாரு. அப்பறம் கடன் கழுத்த நெரிச்சதும் பிரபு இத்தாலியில உக்காந்துகிட்டு பதிப்பாளர் மரே கிட்ட நல்லாவே பேரம் பேசுனாரு. பூர்வீக எஸ்டேட்ட 1817-ல 94,500 பவுண்டுக்கு வித்தாரு, அதுல பெரும்பங்கு பழைய கடனுக்கே போயிருச்சு.

ஷெல்லி கவிதைய நம்பி இல்லவே இல்ல. தாத்தா செத்தா சொத்து வரும், வந்ததும் பல மடங்கா தர்றேன்னு பத்திரம் எழுதி கொடுத்து வட்டிக்கு வாங்குற பழக்கம், பெரிய வீட்டுப் பையனுங்க எல்லா ஊர்லயும் பண்றதுதான். 1815-ல தாத்தா செத்ததும் அப்பா கிட்ட இருந்து வருஷம் 1,000 பவுண்டுன்னு பேசி முடிச்சாங்க, அதுல 200 பிரிஞ்சு போன மனைவி ஹாரியட்டுக்கு.

ஸ்காட் கதைக்கு வர்றேன், அக்கவுண்ட்ஸ்காரனுக்கு அதுதான் பேய்க்கதை. அவரு பேலன்டைன்ங்கற அச்சகத்துல ரகசிய பார்ட்னர். அச்சகம் பதிப்பாளருக்கு பில், அதாவது பின்னாடி பணம் தர்றேன்னு கையெழுத்து போட்ட கடன் சீட்டு, எழுதும், பதிப்பாளர் திருப்பி அச்சகத்துக்கு எழுதுவாரு, சரக்கு நகராது, கையெழுத்து மட்டும் சுத்தும், அத பேங்குல கொடுத்து காசு எடுக்கறது. இந்தப் பக்கம் அபட்ஸ்ஃபோர்டுன்னு அரண்மனை மாதிரி வீடு கட்டிட்டு இருந்தாரு. லண்டன்ல இவங்களோட சம்பந்தப்பட்ட ஒரு புத்தகக் கம்பெனி விழுந்துச்சு, 1826 ஜனவரியில கான்ஸ்டபிளும் பேலன்டைனும் ஒண்ணா கவுந்தாங்க, ஸ்காட் தலையில 1,20,000 பவுண்டு வாக்குல கடன். திவால் நோட்டீஸ் கொடுக்க மாட்டேன், எழுதியே அடைக்கறேன்னு உக்காந்தாரு. பக்கம் பக்கமா எழுதி பெரும்பகுதிய அடைச்சு, பக்கவாதம் வந்து, 1832-ல செத்தாரு. மிச்சம் அவரு புத்தக உரிமைய வெச்சு அப்பறம் அடைஞ்சுது. இத்தனைக்கும் அவருக்கு கோர்ட்டு கிளார்க், ஷெரீப்னு ரெண்டு அரசாங்க சம்பளம், கிளார்க் வேலைய 1830-ல தான் விட்டாரு.

பென்னாகரம்_அக்கா:

எல்லா ரிப்ளையிலயும் ஆம்பளைங்களே. சார்லட் ஸ்மித் தெரியுமா? வேர்ட்ஸ்வொர்த்தே வயசுல தேடிப் போய் பாத்துட்டு வந்த அம்மா. புருஷன் கடன்காரன், 1783-ல ஜெயிலுக்குப் போனான், இந்தம்மாவும் கூடவே போயி இருந்தாங்க, அங்க இருக்கும்போதே சானட்டுங்கற பதினாலு வரி கவிதைங்க எழுதி 1784-ல சொந்த செலவுல புத்தகம் போட்டு அந்தக் காசு வந்தப்பறம்தான் நிலைமை மாறுச்சு. பன்னெண்டு பிள்ளைங்க பெத்தாங்க. அப்பறம் புருஷன விட்டுட்டு வந்து வருஷத்துக்கு ஒண்ணுன்னு நாவலா எழுதித் தள்ளுனாங்க, பத்து நாவல்.

மாமனார் பெரிய வியாபாரி, பார்படாஸ்ல அடிமைங்கள வெச்சு கரும்புத் தோட்டம், பேரப்பிள்ளைங்களுக்கு சேரணும்னு வக்கீல் இல்லாம தானே உயில் எழுதிட்டு 1776-ல செத்தாரு. அந்த உயில்ல குழப்பமோ குழப்பம். கேஸ் 1813-ல தான் முடிஞ்சுது, சார்லட் 1806-லயே போயாச்சு. நம்ம சப் கோர்ட்டு பாகப்பிரிவினை கேஸ் மாதிரி தாத்தா போட்டத பேரன் முடிச்ச கதை. இதுல கொடுமை, அப்ப சட்டப்படி கல்யாணம் ஆன பொம்பள சம்பாதிச்சது புருஷன் காசு, பிரிஞ்சு போனவன் வந்து புத்தகப் பணத்துல கை வெச்சா தடுக்க வழி கிடையாது. ஏரிக்கரையில நடக்கறதுக்கெல்லாம் அந்தம்மாவுக்கு எங்க நேரம்.

அப்பறம் வேர்ட்ஸ்வொர்த் வீட்டுக் கணக்க சொன்னீங்களே, துணி தைச்சு, ரொட்டி சுட்டு, அவரு கவிதைய நகல் எடுத்து கொடுத்த டாரதி சம்பளத்த யாரு எழுதுனீங்க?

ஒசூர்_நைட்ஷிப்ட்:

@பென்னாகரம்_அக்கா ஒத்துக்கறேன்க்கா. அந்த மஞ்சப்பூவ பத்தி மொதல்ல நோட்டுல எழுதி வெச்சதே டாரதி தான், 1802 ஏப்ரல் 15. அண்ணன் கவிதை அதுக்கப்பறம் ரெண்டு வருஷம் கழிச்சு.

சுவர்_எழுத்து:

நான் காவேரிப்பட்டணம், போர்டு எழுதுற ஆளு, இப்ப ஃப்ளெக்ஸ் வந்து சாப்ட்டுடுச்சு, கோயில் வேலையும் ஸ்கூல் சுவரும்தான் மிச்சம். ஓவியருங்கள பத்தி யாரும் எழுதலன்னு நான் எழுதறேன், தப்பு இருந்தா மன்னிக்கணும்.

வில்லியம் பிளேக் எங்க ஜாதி, தொழில சொல்றேன். பதினாலு வயசுல செதுக்குற மாஸ்டர் கிட்ட ஏழு வருஷம் கத்துக்குட்டி. ஆயுசு முழுக்க சோறு போட்டது செப்புத் தகட்டுல அடுத்தவன் படத்த செதுக்கி கொடுக்கற வேலை. (தகடூர், அதாவது பழைய தர்மபுரிக்காரங்களுக்கு தகடு பத்தி நான் சொல்லணுமா.) சொந்தக் கவிதைய தகட்டுல தலைகீழா எழுதி, ஆசிடுல அரிச்சு, தானே அச்சடிச்சு, அவரும் சம்சாரம் கேத்தரினும் ஒவ்வொண்ணா கலர் போட்டாங்க. 1793-ல அவரு விலைப்பட்டியல்ல அந்தப் புத்தகம் 5 ஷில்லிங். இன்னைக்கு மியூசியத்துல கண்ணாடிக்குள்ள இருக்கு. தாமஸ் பட்ஸ்னு ஒரு அரசாங்க கிளார்க்கு, படம் ஒண்ணுக்கு ஒரு கினின்னு வாங்கிட்டே இருந்தாரு, அவரு இல்லன்னா அடுப்பு எரிஞ்சிருக்காது. 1827-ல செத்தப்ப பொதைச்ச இடத்துல கல்லு கூட வெக்கல.

டர்னர் நேர் எதிர். லண்டன்ல சவரக்கடைக்காரர் மகன். அப்பா கடை ஜன்னல்லயே மகன் படத்த தொங்கவிட்டு ஒண்ணு ரெண்டு ஷில்லிங்குக்கு வித்தாரு, முடி வெட்ட வந்தவன் படம் வாங்கிட்டு போனான். அப்பறம் 1804-லயே சொந்தமா கேலரி, அப்பாதான் அங்க எடுபிடி, கேன்வாஸ் இழுத்து கட்டறது, வார்னிஷ் அடிக்கறது. பெரிய படத்த விட அத பாத்து செதுக்கி அச்சடிச்சு விக்கற பிரிண்டுல வந்த காசு லேசுப்பட்டதில்ல, செதுக்கறவன் கிட்ட பைசா பைசாவா சண்டை போடுவாராம். சாகும்போது லட்சத்துக்கு மேல பவுண்டு.

கான்ஸ்டபிள் (இவரு வேற, ஓவியரு) மாவு மில்லு வீட்டுப் பையன். வயல், மேகம், ஆத்தோரம் வரையணும்னு ஆசை, காசுக்காக பண்ணைக்காரங்க முகத்த வரைஞ்சு கொடுத்தாரு. வைக்கோல் வண்டி தண்ணியில நிக்கற படம் 1821-ல லண்டன்ல வெச்சாரு, வாங்க ஆளில்ல. 1824-ல பாரிஸ் வியாபாரி ஒருத்தர் வாங்கிட்டு போயி அங்க வெச்சப்ப பிரான்ஸ் ராஜா தங்க மெடல் கொடுத்தாரு. கடைசியில மாமனார் சொத்து வந்துதான் நிம்மதியா வரைஞ்சாரு, ஆனா அந்த வருஷமே சம்சாரம் போய்ட்டாங்க.

முகம் வரையறதுல எனக்கும் அனுபவம் உண்டு. கட்அவுட்டுல கட்சிக்காரருக்கு பத்து வயசு கொறைச்சு வரையணும், மூக்கு அப்படியே வந்துட்டா காசு வராது.

அதியமான்கோட்டை_ஆசிரியர்:

தமிழ் எடுத்து ரிட்டயர்ட் ஆனவன், குறுக்க வர்றேன். இந்த விஷயம் நம்ம தகடூர்லயே ஒரு தடவ நடந்திருக்கு. அவ்வைக்கு அதியமான் நெல்லிக்கனி கொடுத்தத எல்லாரும் சொல்வீங்க. புறநானூறு 208-வது பாட்ட யாரும் சொல்றதில்ல. பெருஞ்சித்திரனார் மலையெல்லாம் தாண்டி அதியமானப் பாக்க வர்றாரு. அரசன் நேர்ல பாக்கல, பரிச மட்டும் ஆள் கிட்ட கொடுத்து அனுப்பறான். பாக்காம தந்த பொருள வாங்கிட்டுப் போக நான் வாணிகப் பரிசிலன் இல்ல, தினையளவு ஆனாலும் என் தரம் அறிஞ்சு கொடுத்தா போதும்னு திருப்பி அனுப்பிட்டாரு புலவர். மாங்கூழ் தம்பி சொன்ன பார்க்காமயே கொடுத்த 1,000 கினிய நம்மாளு தொட்டிருக்க மாட்டாரு.

கோல்ரிட்ஜுக்கு பீங்கான் பாத்திரக் கம்பெனி அண்ணன் தம்பி ரெண்டு பேரு, வெட்ஜ்வுட் குடும்பம், 1798-ல வருஷம் 150 பவுண்டு நிபந்தனை இல்லாம தர்றோம்னாங்க. பிரசங்கியார் வேலைக்கு போக இருந்தவரு அத விட்டுட்டாரு. இது நம்ம புரவலர் மரபு. ஆனா 1812-ல அண்ணன் தன் பாதிய நிறுத்திட்டாரு, தொழில் நஷ்டம். அரசன் கொடுத்த ஊர் மானியம் மாதிரி இல்ல, கம்பெனி கணக்கு சரிஞ்சா கவிஞன் சோறும் சரியும்.

மாங்கூழ்_கணக்கு:

ஐயா, மரியாதையோட சொல்றேன், பெருஞ்சித்திரனாருக்கு இன்னொரு அரசன் வாசல் இருந்துச்சு, திருப்பி அனுப்ப முடிஞ்சுது. அவரே வறுமை தாங்காம குமணன் கிட்ட போய் பாடுன பாட்டும் அதே புறநானூறுல இருக்கே, பிள்ளை பால் இல்லாம அழுததெல்லாம். பேர் கொடுத்து 3 ஷில்லிங் கட்டி பர்ன்ஸ் புத்தகத்த வாங்குன ஆளும் தரம் அறிஞ்சு கொடுத்தவன்தான்.

அதியமான்கோட்டை_ஆசிரியர்:

அதுவும் சரிதான் தம்பி. குமணன் பாட்ட மறந்தே போனேன்.

அரூர்_மாப்ள:

கீட்ஸ யாரும் சொல்லல, எனக்கு புடிச்சவரு அவருதான்

பாரமகால்_1792:

சொல்ல வருமானம் இருந்தாத்தானே தம்பி. ஆஸ்பத்திரியில படிச்சு 1816-ல மருந்து கொடுக்க லைசென்ஸ் வாங்குனாரு, அத விட்டுட்டு கவிதைக்கு வந்தாரு, புத்தகம் ஓடல, கார்டியனா இருந்த டீ வியாபாரி காச இறுக்கிப் புடிச்சுட்டாரு, நண்பன் பிரவுன் கிட்ட கடன். தாத்தா வழியில அவருக்கு சேர வேண்டிய பணம் கோர்ட்டுல கெடந்துச்சு, அது அவருக்கு தெரியவே தெரியாது. 1821-ல 25 வயசுல போய்ட்டாரு.

பாலக்கோடு_மிஸ்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. இன்னைக்கு கிளாஸ்ல இத வெச்சே முழு பீரியடும் ஓட்டுனேன், பெல் அடிச்சும் யாரும் எந்திரிக்கல. சார்லட் ஸ்மித் கேஸ சொன்னப்ப ரெண்டு மூணு பொண்ணுங்க தலைய ஆட்டுனாங்க.

அந்த மாரண்டஹள்ளி பையன் எல்லாத்தையும் நோட்டுல தேதி போட்டு எழுதிட்டு இருந்தான். கடைசியில எந்திரிச்சு "மிஸ், பூ பாத்தது 1802 ஏப்ரல், அந்த ஜமீன் செத்தது மே, அப்ப பூ பாக்கும்போது அவரு கையில காசு இல்ல, சோபாவுல படுத்தது காசு வந்தப்பறமா?"ன்னான். நான் தேதிய கூட்டிப் பாத்து ஆமாடான்னேன். உடனே புக்க தொறந்து மூணாவது பத்திய காட்டறான், இந்தக் காட்சி எனக்கு எவ்வளவு செல்வத்த கொண்டு வந்துச்சுன்னு அப்ப நான் யோசிக்கலன்னு வருதே, அந்த வரி. "இதுல செல்வம்னு ஏன் மிஸ் போட்டாரு, சந்தோஷம்னு போட்டிருக்கலாமே?"

ஆறு வருஷத்துல அந்த வார்த்தைய நான் நின்னு பாத்ததே இல்லங்க. அடுத்த வியாழனுக்கு டைம் கேட்டிருக்கேன். ஒசூர் சார், ஷிப்ட் முடிஞ்சதும் கொஞ்சம் வாங்க.

ஒசூர்_நைட்ஷிப்ட்:

காலைல ஆறு மணிக்கு வர்றேன் மேடம். அந்தப் பையன் பிஜிக்கு இங்கிலீஷ் எடுத்தா நல்லா வருவான், ஆனா வீட்ல தக்காளி என்ன விலைக்கு போகுதுன்னு மொதல்ல கேட்டுக்கோங்க.